என் ஜாக்கெட் லடாக் போன கதை

லடாக்கை எனக்கு முன்னால் என் ஜாக்கெட் பார்த்துவிட்டது. ஒரு மாசம் இரண்டு மாசம் முன்னால் இல்லை, முழுசாகப் பதினோரு வருஷம் முன்னால். சிவப்புக் கலர், உள்ளே பஞ்சு, முழங்கையில் யாரோ சிகரெட்டால் சுட்ட ஓட்டை. பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் துணிக்குவியலைக் கிளறி அதைக் கண்டெடுத்து, மூன்று முறை துவைத்து, பாச்சா உருண்டை போட்டு மடித்து வைத்திருந்தவன் நான். போட்டுக்கொண்டு போனது வேறு ஆள். அது ஏன் என்பதை எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் யாராவது ஒருத்தர் சொல்ல, மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதையில் நான் வடிகட்டின முட்டாள். நானே எழுதினால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும் என்றுதான் உட்கார்ந்தேன். (எழுதி முடிச்சுப் படிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் மிஞ்சல.)

சுனாமி வந்து ஒரு வருஷம் கழிந்திருந்த நேரம். எனக்கு இருபத்து மூன்று வயது. பாண்டிச்சேரியில் ஒரு சின்னப் பயண அலுவலகத்தில் வேலை. அதை நடத்தியவர் ஸ்டெல்லா மேடம். ஐம்பது வயது, ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய முடி, ஒரு பழைய ஜீப். மற்ற பயண அலுவலகங்கள் கடற்கரை, கோயில், படகுச் சவாரி என்று ஆளைக் கூட்டிக்கொண்டிருக்க, மேடம் பாலைவனத்துக்கும் பெரிய மலைகளுக்கும் மட்டும்தான் கூட்டிப் போவார். ராஜஸ்தான் மணல், கட்ச் உப்புவெளி, ஸ்பிதி, லடாக். யாராவது வந்து கோவா கேட்டால், "கடலா? ஜன்னலைத் தொறந்து பாருங்க, அதோ இருக்குது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

என் வேலை ரயில் டிக்கெட் எடுப்பது, பெர்மிட்டுக்கு ஜெராக்ஸ் போடுவது, போய்வந்தவர்களின் போட்டோக்களை ஆல்பத்தில் ஒட்டுவது. மூன்றாவதில்தான் நான் கெட்டேன். ஒவ்வொரு போட்டோவையும் பசை காயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு காலைப் பாறைமேல் தூக்கி வைத்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, ஜாக்கெட் காலரைத் தூக்கிவிட்டு, தூரத்தை வெறித்துப் பார்க்கும் ஆட்கள். அந்த ஆட்களுக்குப் பின்னால் மலை என்று ஒன்று இருந்திருக்கவேண்டும். அதை நான் பார்த்ததாக ஞாபகமே இல்லை. காலை எந்த உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கவனமாகப் பார்த்து, அலுவலக ஸ்டூலின்மேல் பயிற்சி எடுத்தேன்.

அந்த வருஷம் ஜனவரியில், மேடத்துக்கு உதவியாகப் போய்க்கொண்டிருந்தவருக்கு துபாயில் வேலை கிடைத்துவிட்டது. ஜூன் மாசம் ஒரு கூட்டம் லடாக் போகிறது, பன்னிரண்டு பேர், முக்கால்வாசி பெண்கள். கூட ஒரு ஆள் வேண்டும். நான் இருக்கும்போது வெளியே ஏன் தேடவேண்டும் என்று போய் நின்றேன்.

"நீ எதுவரைக்கும் போயிருக்கிற?" என்றார் மேடம்.

"திண்டிவனம் வரைக்கும் மேடம். மெட்ராஸுக்கு ரெண்டு வாட்டி. ஆனா பாலைவனம் எனக்குப் புதுசு இல்ல. அதுலதான் பொறந்து வளர்ந்தேன்."

"மரக்காணத்துல ஏதுப்பா பாலைவனம்?"

"உப்பளம் மேடம். கண்ணுக்கு எட்டுன வரைக்கும் வெள்ளை. மரம் கிடையாது, நெழல் கிடையாது. வெளியூர்க்காரன் தனியா போனா திரும்பி வரமாட்டான்." (எதிர்ப்பக்கம் டீக்கடை இருக்குது. போனவன் டீ குடிச்சிட்டு வருவான்.)

"சரி, மலை?"

"பெருமுக்கல் இருக்குது மேடம்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். எதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றினால் அவர் அப்படித்தான் பேனாவை வைப்பார்.

"அப்ப எனக்குக் காட்டு. ஒரே நாளு. காலையில பாலைவனம், சாயங்காலம் மலை. நீ கூட்டிட்டுப் போ, நான் பின்னால வர்றேன். சரியா செஞ்சேன்னா ஜூன்ல நீதான்."

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அப்பா உப்பளத்துக்காரர்தான். குத்தகைக்குக் கொஞ்சம் பாத்தி எடுத்து, அவரும் அவர் தங்கச்சி அஞ்சலை அத்தையும் இன்னும் ஆறு பேருமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் 'என் பையன் கால்ல உப்புத்தண்ணி படக்கூடாது' என்று அம்மா பிடிவாதமாக நின்றதில், நான் ஹாஸ்டல், காலேஜ், கோட்டக்குப்பத்தில் ரூம் என்று வளர்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் சாப்பிடுவேன், தூங்குவேன். உப்பளம் எனக்கு நன்றாகவே தெரியும். பஸ் ஜன்னல் வழியாகத் தெரியும்.

ஆனாலும் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக்கெட், பெரிய ஷூ, பைக்குள் பத்துக் கிலோ உப்பு, தோளில் கயிறு என்று பெருமுக்கல் மலைக்குப் பயிற்சிக்குப் போனேன். பாதி ஏறியதும் கண் இருட்டியது. ஒரு பாறையைக் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, மேலே கோயிலுக்குப் போகிற பூசாரி, ஒரு கையில் எண்ணெய்த் தூக்கும் இன்னொரு கையில் பூக்கூடையுமாக, வெறுங்காலோடு என்னைத் தாண்டினார். நின்று ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்குப்பா வேண்டுதல்?" என்றார்.

"என்னங்க?"

"இந்த வெயில்ல கம்பளிச் சட்டையும் சொமையுமா ஏறுறியே. வீட்டுல யாருக்காவது ரொம்ப முடியலையா?"

நான் 'ஆமாங்க' என்று சொல்லிவிட்டேன். அவர் மேலே போய் என் பேரில் ஒரு அர்ச்சனை செய்து, விபூதியோடு இறங்கி வரும்வரை நான் அதே பாறையில்தான் இருந்தேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் மேடம் ஜீப்பை ரோட்டோர டீக்கடையில் நிறுத்தினார். பதினோரு மணி. அந்த நேரத்தை நானாகத்தான் தேர்ந்தெடுத்தேன். உப்பளத்து ஆட்கள் விடியுமுன் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறிவிடுவார்கள். பதினோரு மணிக்கு ஒரு ஈ காக்காய் இருக்காது. பாலைவனம் என்றால் ஆளே இல்லாமல் இருக்கவேண்டும் என்று மேடத்திடம் சொன்னேன். ஊர்க்காரன் எவனும் என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் நிஜக் காரணம். அப்பாவிடம், "ஆபீஸ் மேடம் ஊரைப் பாக்க வர்றாங்க, ரோட்டோரமா நின்னு காட்டிட்டு அனுப்பிடுவேன்" என்று சொல்லியிருந்தேன்.

கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் திசைகாட்டி, அதற்குப் பக்கத்தில் ஆபத்துக்கு ஊதுகிற விசில், கையில் கம்பு, தோளில் கயிறு, முதுகில் ஜாக்கெட் அடைத்த பை, காலில் ஆணி ஆணியாகப் பல் வைத்த மலையேறும் ஷூ. மேடம் ஒரு பருத்திச் சட்டை, ஒரு தண்ணீர் பாட்டில், சாதாரணச் செருப்பு.

"நேர் வடக்கே போறோம் மேடம். அதோ தெரியுது பாருங்க பனைமரம், அதுதான் இலக்கு. பாலைவனத்துல கண்ணை நம்பக்கூடாது, திசைகாட்டியைத்தான் நம்பணும்."

"வரப்பு நல்லாத்தானே இருக்குது? அதுல போனா என்ன?"

"பாலைவனத்துல ஏது மேடம் வரப்பு?"

உப்பளம் என்பது வரப்பு கட்டிய பாத்திகள். எங்கள் ஊரில் குழந்தை நடக்கக் கற்றுக்கொள்வதே வரப்பில்தான். பாத்தியில் காரணமில்லாமல் கால் வைப்பது, அடுத்தவர் வீட்டுச் சோற்றுப்பானையில் கைவிடுவது மாதிரி. இது எனக்கும் தெரியும். ஆனால் சுனாமிக்குப் பிறகு நிறையப் பாத்திகள் சும்மாவே கிடந்தன. எதிரே தெரிந்ததும் அப்படிச் சும்மா கிடப்பதுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வழி கேட்பவனுக்கு எதற்குத் திசைகாட்டி?

முதல் பாத்தியின் மூலையில் ஒரு வேலிக்கருவை முள் கிடந்தது. கம்பால் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டேன். "தடையைத் தாண்டுறதுதான் மேடம் சாகசம்," என்றேன்.

மேடம் நின்றுவிட்டார். "இந்த முள்ளை யாரு போட்டது?"

"காத்துல வந்திருக்கும் மேடம்."

"நாலு மூலையிலயும் ஒண்ணொண்ணு கிடக்குதே. காத்து எண்ணியா போட்டுச்சு?"

நான் பாத்தியில் இறங்கினேன். மேடம் இறங்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பிலேயே நடந்து வந்தார். (அப்பவாவது எனக்கு ஒறைச்சிருக்கணும்.) நான் வடக்கே பார்த்து, மார்பை நிமிர்த்தி, ஒரு பாத்தி, இரண்டு பாத்தி என்று போய்க்கொண்டிருந்தேன். தரை காலுக்குக் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் 'பொதக்' என்று ஒரு சத்தம். அதையும் ரசித்தேன்.

"வேலு, இந்த ஓரம் சொரசொரப்பா இருக்குது, நீ நடக்குற இடம் மட்டும் பளபளன்னு இருக்குது. ஏன்?"

"காத்து மேடம். காத்து அடிச்சு அடிச்சு அப்படி ஆயிடும்."

"சின்னச் சின்னதா வரிசையா தடம் தெரியுதே, மனுஷன் கால் மாதிரி?"

"அதுவும் காத்துதான் மேடம்."

"உங்க ஊருல காத்துதான் எல்லா வேலையும் செய்யுதா?"

ஒன்பது பாத்தி கடந்தேன். ஒன்பது என்பது பிறகு எண்ணிச் சொல்லப்பட்ட கணக்கு. அதற்கு அப்பால் உப்புத்தண்ணீரைத் தேக்கி வைக்கிற பெரிய குட்டை. அந்த வருஷம் அதில் தண்ணீர் வற்றி, மேலே வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது. பனைமரம் நேர் எதிரில். சுற்றிப் போக வரப்பு இருந்தது. திசைகாட்டி நேராகப் போகச் சொன்னது.

"கல்லு மாதிரி கெட்டியா இருக்கும் மேடம்," என்று சொல்லிக்கொண்டே கால் வைத்தேன்.

மூன்றாவது அடியில் முழங்கால்வரை போனேன். இழுத்துக்கொள்ளலாம் என்று அடுத்த காலை ஊன்றியதில் தொடைவரை போனேன். முதுகில் பை அழுத்தியது. அசைந்தால் இன்னும் இறங்கியது. அழுகின முட்டை நாற்றத்தோடு கறுப்புச் சேறு மேலே வந்தது. பாலைவனங்களில் ஆட்கள் எப்படியெல்லாம் செத்துப்போகிறார்கள் என்று நான் நிறையப் படித்திருந்தேன். ஊர் டீக்கடை ரேடியோ காதில் விழுகிற தூரத்தில் செத்தவன் கதை எதிலும் படித்ததில்லை.

மேடம் வரப்பில் குந்தி உட்கார்ந்தார். பயப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார்: "இப்படி மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்னு வச்சிருக்கிற?"

"விசில் மேடம். மூணு வாட்டி ஊதுனா உதவி வரும்."

ஊதினேன். உதவி வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

எங்கள் உப்பளத்தில் விசிலுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: பாத்தியில் ஆடு இறங்கிவிட்டது. உப்புக் குவியலுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் சோறு தின்றுகொண்டிருந்த எட்டுப் பேரும், எச்சில் கையோடு, கம்பும் மண்ணாங்கட்டியுமாக, "ஹேய்! ஹேய்!" என்று கத்திக்கொண்டு வரப்புகளின்மேல் ஓடிவந்தார்கள். முன்னால் ஓடிவந்தது அஞ்சலை அத்தை. பின்னால் அப்பா. முதலில் பறந்து வந்த மண்ணாங்கட்டி என் பையில் பட்டது. அதற்கப்புறம்தான் ஆடு கண்ணாடி போட்டிருப்பதை அத்தை கவனித்தது.

"டேய்... வேலுவாடா?"

எல்லாருடைய கண்ணும் என்னிடமிருந்து கிளம்பி, என் கால்தடத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனது. ஒன்பது பாத்தியின் நட்டநடுவில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி, பல் பல்லாகப் பதிந்த ஷூ தடம். அந்தக் கோட்டின் தொடக்கத்தில், யாரும் இறங்கக்கூடாது என்று அவர்கள் போட்டு வைத்து, நான் ஓரமாகத் தூக்கிப்போட்ட முள்.

அப்பா குனிந்து ஒரு தடத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு கணு உள்ளே போனது. சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லத்தான் அத்தை இருந்ததே.

"பதினஞ்சு நாளு! பதினஞ்சு நாளா எட்டுப் பேரும் வெறுங்காலால மிதிமிதின்னு மிதிச்சு, சிமெண்டுத் தரை மாதிரி ஆக்கி வச்சிருக்குறோம். நாளன்னைக்கு இந்த ஒம்பதுலயும் தண்ணி உடறதா இருந்தோம். இப்ப உட்டா இந்தக் குழிச்சேறு அம்புட்டும் உப்புல ஏறும்டா. முதல் உப்பே மண்ணு கலர்ல வரும். எவன் வாங்குவான்?"

"அத்தை, இது நம்ம பாத்தின்னு எனக்குத் தெரியாது."

என் வாழ்க்கையில் நான் பேசிய ஆயிரக்கணக்கான மடத்தனங்களில் முதல் பரிசு இதற்குத்தான்.

"ஏன், அடுத்தவன் பாத்தின்னா மிதிப்பியா? பெத்தவன் பாத்தியே அடையாளம் தெரியல, இதுல கழுத்துல மிஷின் வேற. ஆடுன்னாக்கூட வெறுங்காலோட இறங்கும்டா. நீ ஷூ போட்ட ஆடு!"

இரண்டு பேர் கயிறு போட்டு என்னை இழுத்தார்கள். (பெருமுக்கலுக்கு நான் தூக்கிப் போன அதே கயிறு. அதுக்கு அன்னைக்குத்தான் வேலை வந்தது.) இடது கால் ஷூவைக் குட்டை வைத்துக்கொண்டது. வரப்பில் தொடைவரை கறுப்பாக நான் நிற்க, அடுத்த விவகாரம் ஆரம்பித்தது. ஆடு இறங்கிப் பாத்தி கெட்டால் ஆட்டுக்காரர்தான் வந்து மிதித்துக் கொடுக்கவேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தை இடுப்பில் கை வைத்து அப்பாவைப் பார்த்தது.

"உன் ஆடு. நீயும் உன் பொண்டாட்டியும் மிதிங்க."

அப்போதுதான் அப்பா வாய் திறந்தார். "நான் எங்க ஓட்டியாந்தேன்? அந்தம்மா கூட வந்த ஆடு."

எல்லாரும் மேடத்தைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். லடாக், ஜூன், எல்லாம் அந்தக் குட்டைக்குள் இறங்குவது எனக்கே தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது மேடம் பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயோ, நீங்க வேணாங்க," என்றார் அப்பா. ஒரு பேச்சுக்குச் சொன்னது இப்படி ஆகும் என்று அவர் நினைக்கவில்லை.

"ஆடு என் ஆடுதாங்க. நான்தான் ஓட்டிட்டு வந்தேன். எப்படி மிதிக்கணும்னு சொல்லுங்க. இதைக் கேக்கணும்னுதான் அப்பலேர்ந்து பாக்குறேன், இவன் காத்து காத்துன்னே சொல்றான்."

அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மிதி ஆரம்பித்தது. மிதிப்பதை நடப்பது என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரும் தோளோடு தோள் ஒரே வரிசையாக நிற்கவேண்டும். ஒரு கால் வைத்த இடத்தை ஒட்டியே மறுகால். இடையில் விரல்கடை இடம் விடக்கூடாது. குதிகால் குத்தக்கூடாது, பாதம் முழுசாகப் பதியவேண்டும். ஒரு பாத்தியை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை போய்விட்டுத் திரும்புவதற்குள் எனக்கு இடுப்பு கழன்றது. எனக்கு ஒரு பக்கம் அத்தை. அத்தைக்கு அந்தப் பக்கம் மேடம்.

"இவனை எங்கங்க கூட்டிட்டுப் போறதா இருந்தீங்க?" என்றது அத்தை.

"லடாக்குன்னு ஒரு இடம். காஷ்மீருக்கு அந்தப் பக்கம். மலைக்கு மேல."

"எவ்ளோ மேல?"

"பெருமுக்கல் மேல இன்னொரு பெருமுக்கலைத் தூக்கி வைங்க, அதுமேல இன்னொண்ணு, அப்படியே அடுக்கிட்டே போங்க."

"அவ்ளோ மேல ஏறிப் பாக்க என்ன இருக்குது அங்க?"

"நெறைய இருக்குது. ஒரு உப்பு ஏரிகூட இருக்குது."

அத்தையின் கால் நின்றுவிட்டது. மிதியில் ஒருத்தர் நின்றால் வரிசை குலையும். அத்தை நின்று அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"மலை மேல உப்பா? கடலை யாருங்க அங்க தூக்கிட்டுப் போனது?"

மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. மழையும் பனியும் மலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஏரிக்குக் கொண்டுவருகிறது, வெளியே போக வழி கிடையாது, வெயிலுக்குத் தண்ணீர் போய்விடும், உப்பு நின்றுவிடும் என்று விளக்கினார். அத்தை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது.

"அப்ப அதுவும் பாத்திதாங்க. வரப்பு மட்டும் சாமி போட்டது. சரி, மிதிச்சது யாரு?"

"யாரும் மிதிக்கல."

"மிதிக்காம எப்படிங்க? அடிச்சேறு கலந்துடுமே. கடைசித் தண்ணியிலதாங்க கசப்பு நிக்கும், அதை வடிச்சு விடவும் ஆள் இல்லன்னு சொல்றீங்க. அப்ப கசக்குமே? கசக்குதுங்களா?"

மேடம் யோசித்தார். "எட்டு வாட்டி போயிருக்கேன். ஒரு வாட்டிகூட நாக்குல வச்சுப் பாக்கல. ஏன் பாக்கலைன்னு தெரியலைங்க."

அந்த ஏரியின் போட்டோவை ஆல்பத்தில் ஒட்டியவன் நான். அதில் ஒருத்தர் பாறைமேல் கால் வைத்து நிற்பார். அவருக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ இருந்தது. மேகம் என்று நினைத்திருந்தேன்.

மிதி நான்கு நாள் நடந்தது. மேடம் அதில் மூன்று நாள் வந்தார். கடைசி இரண்டு நாள் ஜீப்பைக்கூட எடுக்காமல் பஸ்ஸில் வந்தார். அத்தையும் அவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒட்டகம் உப்புத்தண்ணி குடிக்குமா, பனி விழுந்தால் சத்தம் கேட்குமா, மணலில் எப்படிச் சோறு வடிப்பது, மரமே இல்லாத ஊரில் பிணத்தை எதை வைத்து எரிப்பார்கள். ஒரு வருஷம் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த நான் இதில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. என் பாதம் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்தது. அம்மா மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் போட்டுவிட்டு, "உப்புத்தண்ணி படக்கூடாதுன்னு வளத்தேனே" என்று அழுதாள். அத்தை வாசலில் நின்று சிரித்தது.

அடுத்த வாரம் மேடம் கூப்பிட்டார். "வேலு, ஜூனுக்கு ஆள் கிடைச்சாச்சு."

மிதித்ததை மெச்சி மன்னித்துவிட்டார் என்று நினைத்து, "தேங்க்ஸ் மேடம்" என்றேன்.

"நீ இல்லப்பா. உங்க அத்தை."

"அத்தைக்கு இந்தி தெரியாது மேடம்."

"உனக்கு?"

"எனக்கும் தெரியாது."

"அங்க எனக்குச் சோறாக்க ஒரு ஆளு வேணும், தண்ணியைப் பாத்துச் செலவு பண்ணணும், தரையைப் பாத்து நடக்கணும். அவங்களுக்கு மூணும் வருது. உனக்குப் போட்டோவுக்கு நிக்க வருது. அதுக்கெல்லாம் மேல, அந்த உப்பு கசக்குதான்னு அவங்களுக்குத் தெரிஞ்சாகணும். இப்ப எனக்கும் தெரிஞ்சாகணும்."

அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், கோட்டக்குப்பம் ரூமில் குப்புறப் படுத்துக்கொண்டு அழுதேன். அத்தைமேல் பொறாமையாக இருந்தது. வேறு யாராவது ஐயோ பாவம் அவன் ஆசைப்பட்டானே என்று விட்டுக்கொடுத்திருப்பார்கள். அத்தை விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை. டிரைவர் வேலை பார்த்த மாமாவும் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "தாராளமா போயிட்டு வா. மூணு வாரம் நான் நிம்மதியா டிவி பாப்பேன்" என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டவர் அப்பா. ஜூன் மாசம் உப்பு கொழிக்கிற நேரம். அத்தையின் இடத்துக்கு ஒரு ஆள் வேண்டும். மேடம் அலுவலகத்தில் எனக்கு மூன்று வாரம் லீவு கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அத்தை வீட்டுக்கு வந்தது. "அந்தச் சிவப்புச் சட்டையைக் குடு."

கொடுத்தேன். மிச்சமிருந்த ஒரு கால் ஷூவைக் காட்டி, "இதுக்கு ஜோடி வாங்கித் தரவா அத்தை?" என்றேன்.

"வேணாம்டா. அதோட ராசியைத்தான் பாத்தோமே."

அப்படியாக என் ஜாக்கெட் லடாக் போனது. அது ஏறாத மலையெல்லாம் ஏறிக்கொண்டிருந்த மூன்று வாரம், நான் விடியுமுன் எழுந்து, எந்தப் பாத்தியில் ஒற்றைக்கோடாக நடந்தேனோ அதே ஒன்பது பாத்தியில் உப்பு வாரினேன். கறுப்புக் கண்ணாடி மட்டும் போட்டுக்கொண்டேன். அதற்கு அப்பாவே ஒன்றும் சொல்லவில்லை, வெள்ளையில் கண் கூசும். உப்பு நல்ல வெள்ளையாகத்தான் வந்தது. சொல்லக்கூடாது, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அத்தை திரும்பி வந்தபோது உதடு வெடித்து, மூக்கு உரிந்து, குரல் மட்டும் அப்படியே இருந்தது. போட்டோ கவரைப் பிரித்தோம். புடவைக்குமேல் சிவப்பு ஜாக்கெட்டோடு அத்தை. ஒரு போட்டோவில்கூட காமிராவைப் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் குனிந்து தரையை விரலால் நோண்டிக்கொண்டிருந்தது. பின்னால் மலை மலையாக நின்றது. முதல் தடவையாக அந்த மலைகளை நான் பார்த்தேன்.

பிறகு ஜாக்கெட் பாக்கெட்டிலிருந்து ஒரு பிலிம் ரோல் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, வீட்டிலிருந்த எல்லாருடைய உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை வைத்தது. மேடமும் வந்திருந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் நாக்கில் வைத்தோம். எல்லாருடைய முகமும் ஒரே நேரத்தில் கோணியது.

"கசக்குது," என்றார் அப்பா, மரியாதையாக.

"கசக்குதில்ல? நான்தான் சொன்னனே," என்றது அத்தை. உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, தீர்ப்பு சொல்வது மாதிரி சொன்னது: "உப்பைக் குத்தம் சொல்லக்கூடாது. நல்ல உப்புதான். பாத்திதான் சரியில்ல. எவனோ ஷூ போட்டுட்டு நடந்திருக்கான்."

மேடம் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது கெட்டாலும் காரணம் அதுதான். பால் திரிந்தால், குழம்பு அடிப்பிடித்தால், கரண்ட் போனால், கிரிக்கெட்டில் தோற்றால், 'எவனோ ஷூ போட்டுட்டு நடந்திருக்கான்.' எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் காபி கொஞ்சம் கசந்தது. அப்பா வாய் தவறி அதைச் சொல்லிவிட, என்ன என்று அவர்கள் கேட்க, அத்தை முழுக் கதையையும் நடித்தே காட்டியது. பெண் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்து சம்மதம் சொன்னாள். கதையில் வருகிற ஆளை மனதில் வைத்துச் சம்மதித்தாளா, என்னையா என்று இன்றுவரை கேட்கத் தைரியம் வரவில்லை.

பதினோரு வருஷம் கழித்து நானும் லடாக் போனேன். அதற்குள் மேடம் கூட்டங்களுக்குச் சமையல் முழுக்க அத்தை பொறுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை போய்வந்துகொண்டிருந்தது. அந்தத் தடவை, என் பெண்டாட்டி பிள்ளையோடு, காசு கட்டின பயணியாக, அதே சிவப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நானும் போனேன். ஏரிக்கரையில் வேன் நின்றது. காற்று ஊசியாகக் குத்தியது. வெள்ளை வெளேரென்று கரை, அதற்குமேல் நீலம், அதற்குமேல் மலை. ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு, கால் வைக்கத் தோதான பாறை எங்கே என்று பார்த்தேன். (ஆமா, பார்த்தேன். பழக்கம் லேசுல போவுமா?)

அத்தை வேன் கதவை மறித்துக்கொண்டு நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது:

"எல்லாரும் இறங்கலாம். இவன் மட்டும் ஷூவைக் கழட்டிட்டு இறங்கட்டும்."

கழற்றினேன். பனிக்கட்டியில் நிற்பது மாதிரி இருந்தது. குதிகால் குத்தாமல், பாதம் முழுசாகப் பதிய, தரையைப் பார்த்துக்கொண்டே பத்தடி நடந்தேன். அதை யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள். இப்போது அது எங்கள் ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. சுற்றிலும் உலகத்திலேயே அழகான மலைகள், நடுவில் சிவப்பு ஜாக்கெட்டோடு, பேண்டை மடித்துவிட்டு, வெறுங்காலோடு குனிந்து நிற்கும் ஒரு ஆள். கீழே அத்தை சொல்லச் சொல்ல என் பெண் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது: 'ஆடு: வேலு. ஆட்டுக்காரி: அஞ்சலை.'